பத்தாம் நிரை, மூன்றாம் முளை

எனக்குப் பிடிவாதம் அதிகம். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிச் சமாளிக்கும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. அது விட்டுப்போன விதத்தைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், வட்டகொடைக்கு மேலே நாங்கள் பிறந்த தோட்டத்தில், மலைச்சரிவு நகர்கிறதா என்று அளந்து பார்க்கும் சின்னத் திட்டம் ஒன்று நடந்தது. பூட்டிக் கிடந்த பழைய பங்களாவின் பின்னறைதான் அலுவலகம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர், மழைக்கு ஒழுகும் கூரை. லயத்தில் பிறந்து உயர்தரம் வரை படித்து, ஹட்டனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய் வந்தவள் என்பதால் அளவுகளை ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. அந்த நாட்களில் என் கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை.

சரிவை எதிரிலிருந்து பார்த்தால் உச்சியில், வலது பக்கம், மேட்டு லயம். அடியில், இடது பக்கம், பள்ளத்து லயம். அக்கா குடும்பமும் நானும் இருந்தது அங்கே. ஒவ்வொரு லயத்திலும் ஒரே கூரையின் கீழ் எட்டுக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். இரண்டு லயத்துக்கும் நடுவே முழுக்கத் தேயிலை. அந்தச் சரிவில் பன்னிரண்டு நிரை பிடித்து, நிரைக்குப் பன்னிரண்டாக இரும்பு முளைகள் அடித்திருந்தார்கள். நிரையின் இரு முனையிலும் பாறையில் இறுக்கிய தூண். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து ஒவ்வொரு முளையும் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று அளக்க வேண்டும். மண் இறங்கினால் முளையும் சேர்ந்து இறங்கும், எண் கூடும்.

அளந்தது அக்கா. கொழுந்து பறிக்கிறவளுக்கு நிரை பிடித்து நடப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் மலையில் நிரை சரிவுக்குக் குறுக்காக ஓடும். ஒரு நிரையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு இறங்குவார்கள். மேலிருந்து கீழே நட்டுக்குத்தாக யாரும் பறித்துக்கொண்டு போவதில்லை. போனால் கங்காணி சும்மா விடமாட்டார். அக்கா அளவுகளை எழுதும் கொப்பியும் அப்படித்தான் இருக்கும். உச்சியில் முதல் நிரை, இடமிருந்து வலமாகப் பன்னிரண்டு முளை. பிறகு இரண்டாம் நிரை, பன்னிரண்டு முளை. தொடக்கத்திலேயே முளைகள் கயிற்றிலிருந்து வேறு வேறு தூரத்தில் நின்றதால், கொப்பியை வெறுமனே பார்த்து எது நகர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. பழைய எண்ணைக் கழித்துப் பார்ப்பது கம்ப்யூட்டரின் வேலை.

அந்த வேலைக்கான புரோகிராமை எழுதியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு பொறியியலாளர். எல்லோருக்கும் அவர் சேர். அவர் எழுதியது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில். எந்த நிரை, எந்த முளை, என்ன அளவு என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கும். சொன்னதை வாங்கி ஒரு ஃபைலில் போட்டுவைக்கும். ஃபைலில் தலைப்பும் கிடையாது, பெயரும் கிடையாது. நூற்று நாற்பத்து நான்கு எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவ்வளவுதான். 

சேர் மாற்றலாகிக் கொழும்புக்குப் போகும்போது கதவருகில் நின்று சொன்னார்: "பிள்ளை, உந்த ஃபைலை வேற மொழியில திறக்கிறதெண்டால் எனக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டுத் திறவுங்கோ. அதுக்கொரு ஒழுங்கு இருக்கு."

"சரிங்க சேர்" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஃபைலைத் திறக்கக்கூட இவளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறார் பார் என்று கோபம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வயதில் எதைக் கேட்டாலும் என்னைக் குறைத்துப் பேசுவதாகப் பட்டது.

அவரிடம் சொல்லாமலே, ஹட்டனில் படித்த சி மொழியில் புதிய புரோகிராம் ஒன்று எழுதினேன். எண்களை ஏற்றுவது அவருடைய பழைய புரோகிராமில். அந்த ஃபைலைத் திறந்து, கழித்து, சரிவை வண்ணப் படமாகப் போடுவது என்னுடையதில். அசையாத இடம் பச்சை, கொஞ்சம் அசைந்தால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. சரியாக வருகிறதா என்று மூன்று முளைகளைக் கொப்பியோடு ஒப்பிட்டும் பார்த்தேன். முதல் நிரையின் முதல் முளை. ஆறாம் நிரையின் ஆறாம் முளை. அது முனியாண்டி கோயில் பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் நிரையின் பன்னிரண்டாம் முளை. மூன்றும் அச்சு அசலாகப் பொருந்தின. நூற்று நாற்பத்து நான்கில் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். நினைவில் நிற்கச் சுலபமாக இருக்கிறதே என்று அந்த மூன்றை எடுத்தேன்.

பல மாதம் படம் முழுவதும் பச்சையாகவே வந்தது. மலை அசையாதவரை என் தப்பும் அசையவில்லை.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. ஒரு வாரம் படத்தில் வலது மேல் மூலையில் மஞ்சள் கசிந்தது. அடுத்த வாரம் அது சிவந்தது. அதற்கடுத்த வாரம் சிவப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, நடுவே மேட்டு லயம் இருந்தது. மூன்றாம் நிரை, பத்தாம் முளை, அறுபத்தாறு மில்லிமீட்டர். பிரிண்டரிலிருந்து தாள் ஈரமாக வெளியே வந்தபோது பயத்தோடு கூட எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. என் புரோகிராம் கண்டுபிடித்துவிட்டது என்ற சந்தோஷம். அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

படத்தைத் தோட்டத்துத் துரையிடம் கொண்டுபோனேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மேட்டு லயத்து எட்டுக் குடும்பங்களும் அன்றைக்கே பள்ளத்து லயத்துக்கு இறங்க வேண்டும், காம்பராவுக்கு இரண்டு குடும்பமாக நெருக்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். வீடு வீடாகச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

ஏழு வீடு முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவிட்டது. கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தவரை நாங்கள் சின்ன வயதிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுவோம். கால் வீக்கத்தால் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"என் வீட்டுல ஒரு வெடிப்பு இல்ல, ஒரு ஒழுக்கு இல்ல. நான் எதுக்குத்தா எறங்கணும்?"

"மண்ணு உள்ளுக்குள்ள நகருதுங்க அத்தை. கண்ணுக்குத் தெரியாது. இங்க பாருங்க, இந்தச் செவப்புதான் உங்க வீடு."

அத்தை படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு இது ஒண்ணும் வெளங்கல. நீ சொல்றியேன்னு வர்றேன். நம்ம வீட்டுப் புள்ள படிச்சிட்டு வந்து சொல்லுது" என்றார். வீட்டைப் பூட்டிவிட்டு, மூட்டையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கி வந்தார். எங்கள் பக்கத்துக் காம்பராவில் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

மனிதர்கள் இறங்கினார்கள், நாய்கள் இறங்கவில்லை. மேட்டு லயத்து நாய்கள் நான்கும் வெறும் வீடுகளின் வாசலிலேயே படுத்துக்கொண்டன. சோற்றைக் காட்டிக் கூப்பிட்டால் பாதி வழி வரும், பள்ளத்து லயத்தின் கூரை கண்ணில் பட்டதும் நின்றுவிடும். திரும்பி ஏறிவிடும். வீட்டு விசுவாசம் என்று பேசிக்கொண்டோம்.

அந்த நான்கு நாட்களை இப்போதும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். பள்ளத்து லயத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது சாத்திவிட்டுப் போன கதவு, திரும்பி வரும்போது திறந்திருக்கும். ஒரு வீட்டில் அல்ல, நான்கு வீடுகளில். லயத்துக்குப் பின்னால் பீலியில் எப்போதும் கண்ணாடி மாதிரி விழும் தண்ணீர் ஒருநாள் முழுவதும் நின்றுபோய், மறுநாள் தேநீர் நிறத்தில் வந்தது. நடுப்பகலில் தரையில் உட்கார்ந்தால் கீழே எங்கோ யாரோ மாவு அரைப்பது போல ஒரு சத்தம். எழுந்து நின்றால் கேட்காது. குடத்துத் தண்ணீரில் யாரும் தொடாமலே வளையம் வளையமாக அலை எழுந்ததை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு, பதினாறு குடும்பம் நடமாடினால் தரை அதிராதா என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அக்கா மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நம்ம லயத்துக்குப் பின்னாடி உள்ள முளைங்க சாயுதுடி. மேல ஒண்ணும் இல்ல. வாராவாரம் அளக்குறது நானு. எனக்குத் தெரியாதா?"

"கண்ணுக்கு அப்பிடித் தெரியும்க்கா. கழிச்சுப் பாத்தாதான் தெரியும்."

"ஒன் மிசினு வந்து மண்ண மிதிச்சிச்சா?"

நான் சிரித்தேன். சிரித்ததை அவள் மறக்கவில்லை.

நான்காம் நாள் காலை துரை ஆள் அனுப்பினார். மேட்டு லயத்துக் கூரைத் தகரங்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தப் போகிறார்களாம். அதற்கு முன் சிவப்பு முளைகளை மட்டும் இன்னொரு தடவை அளந்து தரச் சொன்னார். அக்காவும் நானும் போனோம். மற்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்து மலையில் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் ரோட்டோரத்துப் பிள்ளைக்காம்பராவில். லயத்தில் இருந்தவர்கள் வயசாளிகள் சிலர், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, அத்தை.

மூடுபனி என்றால் அப்படியொரு பனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நான் கோயில் பக்கத்தில், சரிவின் நடுவில், போன அளவுகளின் தாளைப் பொலித்தீன் பையில் போட்டு வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா மேலே போனாள். அவள் உருவம் மறைந்து, குரல் மட்டும் வந்தது.

"மூணாம் நெர. ஒம்பது. அறுவத்தி நாலு."

என் தாளில் நூற்றைம்பது என்று இருந்தது.

"மூணாம் நெர. பத்து. அம்பத்தி ரெண்டு."

தாளில் நூற்று எண்பத்தேழு. இறங்கிய மண் திரும்ப ஏறுமா? "நெர மாறி நிக்கிறக்கா. சரியாப் பாரு" என்று கத்தினேன்.

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது, கோபமில்லாத குரலில். "பதினஞ்சு வருசமா நெர புடிக்கிறேன். மூணுலதான் நிக்கிறேன். அம்பத்தி ரெண்டு. போன வாரமும் அம்பத்தி ரெண்டு. அதுக்கு முந்தியும் அம்பத்தி ரெண்டு."

ஐம்பத்திரண்டு என்ற எண்ணை எங்கோ பார்த்த நினைவு. தாளில் தேடினேன். இருந்தது. பத்தாம் நிரை, மூன்றாம் முளையில் இருந்தது. அறுபத்து நான்கைத் தேடினேன். ஒன்பதாம் நிரை, மூன்றாம் முளையில் இருந்தது. அப்போதும் என் புத்தி அதை ஏற்கவில்லை; ஆனாலும் மறுபடி கத்தினேன்.

"அக்கா, பத்தாம் நெரைக்கு எறங்கு. மூணாம் முளை."

அவள் என்னைத் தாண்டி இறங்கும் சத்தம் கேட்டது, உருவம் தெரியவில்லை. செடிகள் சேலையில் உரசும் சத்தம் கீழே கீழே போய் நின்றுவிட்டது. ஒரு பறவையும் கத்தவில்லை. நான் உதட்டுக்குள் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, அது வரக்கூடாது, வரக்கூடாது என்று நின்றேன்.

"பத்தாம் நெர. மூணு." குரல் எங்கள் வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது. "எரநூத்தி மூணு."

நூற்று எண்பத்தேழு இருநூற்று மூன்றாகியிருந்தது. நான்கு நாளில் பதினாறு மில்லிமீட்டர்.

"ஏய்" என்றாள் அக்கா, மெதுவாக. "கயிறு நடுங்குதுடி. காத்தே இல்ல."

அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஃபோர்ட்ரான் எண்களை நிரை நிரையாக வைப்பதில்லை. எல்லா நிரைகளின் முதல் முளையையும் மேலிருந்து கீழே வைத்துவிட்டுத்தான் இரண்டாவது முளைக்கு வரும். சி மொழி எங்களைப் போல, ஒரு நிரையை முடித்துவிட்டு அடுத்ததற்கு இறங்கும். ஃபைலில் எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. நான் அவற்றை நிரை நிரையாக வாசித்தேன். மலையில் பிறந்தவளுக்கு வேறு விதமாக வாசிக்கத் தோன்றவே இல்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்பதால் ஒரு எண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்ப்யூட்டர் ஒரு முறைகூட முறைக்கவில்லை. நிரையும் முளையும் இடம் மாறி, அடியில் இடப்பக்கம் இருந்தது உச்சியில் வலப்பக்கம் போய் நின்றுவிட்டது. நான் ஒப்பிட்ட மூன்று முளைகளும் எண்ணை மாற்றிப் போட்டாலும் இடம் மாறாதவை. அசையாத மண்ணிலிருந்து எட்டுக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வந்து நகரும் மண்ணில் வைத்திருந்தேன்.

விழுந்து எழுந்து கீழே ஓடினேன். அக்காவிடம் எல்லோரையும் ரோட்டுக்கு அனுப்பு என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். நான் அத்தையிடம் போனேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, கெளம்புங்க. ரோட்டுக்கு ஏறணும். நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க வீடுதான் சரி, இதுதான் போகப்போகுது."

அத்தை கரண்டியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். "அன்னைக்கி எறங்குன்ன. இன்னிக்கி ஏறுங்கிற. இந்தக் காலோட நான் எத்தன தடவத்தா மலை ஏறி எறங்குறது?"

"அத்தை, கெஞ்சிக் கேக்குறேன்."

"போ. சோத்த வடிச்சிட்டு வர்றேன். அடுப்ப இப்பிடியே போட்டுட்டு வர முடியுமா? நீ போயித் தொரைக்குச் சொல்லு. வர்றேன்."

இழுத்திருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் வந்திருப்பார், கனமான மனுஷி அல்ல. ஆனால் முந்தைய தடவை அவரைக் கிளப்பிய அதே வாயால் இரண்டாவது தடவையும் அதட்ட எனக்கு நா எழவில்லை. வெட்கம். வேறொன்றும் இல்லை. துரைக்குச் சொல்லத் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. தூரத்தில் லொறி ஒன்று கல்லைக் கொட்டினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான். அப்புறம் பச்சை மண்ணின் வாசனை, பனியோடு கலந்து, ஆபீஸ் ஜன்னலுக்குள் வந்தது. பனி விலகும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விலகியபோது பள்ளத்து லயம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு மண்மேடு இருந்தது. ரோட்டில் அக்கா ஆட்களை எண்ணிக்கொண்டு நின்றாள். ஒன்று குறைந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அத்தையை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. மடியில் வைத்திருந்த வீட்டுச் சாவி கிடைக்கவில்லை. செத்தவரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிடத்தாமல் எடுக்கக்கூடாது என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அக்காதான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முதுகால் அடித்து மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவுடைய பூட்டை உடைத்தாள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சிவப்புப் படம் என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள்.

உள்ளே போனேன். தரை காய்ந்திருந்தது. வெள்ளையடித்த சுவர். சாமி படம் சாயாமல் தொங்கியது. நான் சுவர் ஓரமாக நடந்தேன். மூலைகளைப் பார்த்தேன். அடுப்பங்கரையில் மண்டியிட்டு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். பலகையை நகர்த்திவிட்டு அதன் பின்னால் பார்த்தேன். ஒரு மயிரிழை போதும். ஒரு இடத்தில், சின்னதாக, இந்த வீடும் அசைந்துதான் இருந்தது என்று சொல்ல ஒன்று கிடைத்தால் போதும் என்று இருந்தது.

வெளியே பாடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா வாசலில் வந்து நின்றாள். நான் என்ன தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்திரி" என்றாள். "ஒரு வெடிப்பும் இல்ல. அவங்கதான் அன்னைக்கே ஒங்கிட்ட சொன்னாங்களே."